வயது வரம்பு: 10 முதல் 19 வரை

2022 செப்டம்பரில் பாட்னாவில் ஒரு பயிலரங்கு நடந்தது. பெண் குழந்தைகளின் மதிப்பை உயர்த்துவது எப்படி என்று பேசக் கூடியிருந்தார்கள். மேடையில் பிகார் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுக் கழகத்தின் நிர்வாக இயக்குநர். ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவரும் பெண்தான். எதிரே பள்ளி மாணவிகள். ஒரு மாணவி எழுந்தாள். அரசு என்னென்னவோ தருகிறதே, இருபது முப்பது ரூபாய்க்கு நாப்கின் தரக் கூடாதா என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியில் அதிகாரிக்குத் தேசத்தின் அழிவே தெரிந்துவிட்டது. இன்று நாப்கின் கேட்பீர்கள், நாளை ஜீன்ஸ் கேட்பீர்கள், நாளை மறுநாள் அழகான ஷூ கேட்பீர்கள், கடைசியில் நிரோத் ஆணுறையையும் இலவசமாகக் கேட்பீர்கள் என்றார். ஓட்டுப் போடுவது நாங்கள்தானே என்று மாணவி விடாமல் பேச, அப்படியானால் ஓட்டுப் போடாதே, பாகிஸ்தானாகிவிடு என்று பதில் வந்தது. பள்ளிக் கழிப்பறை உடைந்து கிடக்கிறது, பையன்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள் என்றாள் இன்னொருத்தி. உன் வீட்டில் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்று அவளுக்குக் குறுக்கு விசாரணை நடந்தது.

காணொளி நாடு முழுக்கப் பரவியதும் அம்மையார் வருத்தம் தெரிவித்தார். எதற்கு வருத்தம், பேசியதற்கா பரவியதற்கா என்று யாரும் கேட்டு அவரை மேலும் நோகடிக்கவில்லை.

அவருக்கு ஒரு தகவல். நிரோத் ஏற்கெனவே இலவசம்தான். அந்தப் பெயரை 1968-ல் சந்தைக்குக் கொண்டுவந்ததே இந்திய அரசு. இன்றைக்கும் அரசு சுகாதார நிலையங்களில் காசில்லாமல் கொடுக்கிறார்கள். எடுத்துக்கொண்டு போகும் ஆணிடம் வருமானச் சான்றிதழ் கேட்டவர் இல்லை. நாளைக்கு ஜீன்ஸ் கேட்பாய் என்று நக்கலடித்தவரும் இல்லை. ஆணுக்குக் கேட்காமலே கிடைக்கும். பெண் கேட்டால் பாகிஸ்தான்.

பிகாரைப் பார்த்துச் சிரிப்பது நமக்குச் சுலபம். கொஞ்சம் பொறுங்கள். சிரிப்பை நம் வீட்டுக்கும் மிச்சம் வைக்க வேண்டும்.

இந்தியாவில் மாதவிடாய்க்கு வயது வரம்பு உண்டு. விதித்தது உடம்பு அல்ல, அரசு. 2011-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துப் பெண்களுக்கு ஆறு ரூபாய்க்கு ஆறு நாப்கின், ஆஷா சுகாதாரப் பணியாளர் வழியாக. வயது 10 முதல் 19 வரை. 2012-ல் தமிழ்நாட்டில் ‘புது யுகம்’ வந்தது. நம்முடையது முழு இலவசம். இதைப் பற்றிப் பேசவே மற்ற மாநிலங்கள் கூச்சப்பட்ட காலத்தில் தமிழ்நாடு செய்தது. பாராட்ட வேண்டியதை இங்கேயே பாராட்டிவிடுகிறேன், பிறகு சந்தர்ப்பம் வாய்க்காது. அதிலும் வளரிளம் பெண்களுக்கு வயது 10 முதல் 19 வரை.

ஒருத்தி கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இருபதாவது பிறந்தநாள் வருகிறது. தோழிகள் கேக் வெட்டி முகத்தில் பூசுகிறார்கள். அன்றோடு அரசுக் கணக்கில் அவளுக்கு மாதவிடாய் நின்றுவிடுகிறது. எம்.ஏ. படிப்பவளுக்கு வருவதில்லை. முனைவர் பட்ட ஆய்வில் ஆறு வருடம் தேய்கிறவளுக்கு அப்படி ஒன்று இருந்ததற்கான ஆவணமே கிடையாது.

‘புது யுக’த்தில் வேறு சிலருக்கும் இடம் உண்டு. பிரசவித்த தாய்மார்களுக்கு உண்டு. பெண் சிறைவாசிகளுக்கு உண்டு. ஆக, இருபது வயது மாணவிக்கு அரசு நாப்கின் கிடைக்க இரண்டு வழி தெரிகிறது. பிள்ளை பெற வேண்டும், இல்லையென்றால் ஜெயிலுக்குப் போக வேண்டும். என்னைக் கேட்டால் ஜெயில் மேல். பிள்ளை பெற்றால் அந்த ஒரு தடவைதான். உள்ளே போனால் வருடம் முழுக்க.

கிடைப்பவர்களுக்காவது போதுமான அளவு கிடைக்கிறதா? திட்டப்படி ஆண்டுக்கு 18 பாக்கெட். பாக்கெட்டுக்கு ஆறு. மொத்தம் 108, மாதத்துக்கு ஒன்பது. ஐந்து நாள் உதிரப்போக்கு என்றால் நாளைக்கு இரண்டுகூட வரவில்லை. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். கணக்குப் போட்டவர் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை சட்டை மாற்றுகிறவர் என்று தெரியவில்லை.

நீதிமன்றம் தட்டிக் கேட்கவில்லையா என்பீர்கள். கேட்டது. நாடு முழுமைக்கும் ஒரே சீரான கொள்கை வகுக்கும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. ஆனால் வழக்கு போடப்பட்டதே 6 முதல் 12-ம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளுக்காக. 2024-ல் கொள்கை தயார் என்றது அரசு. அதன் பெயரிலேயே ‘பள்ளி செல்லும் பெண்கள்’ என்று இருந்தது. அதே ஆண்டு ஜூனில், 10, 12-ம் வகுப்புப் பொதுத்தேர்வு மையங்களில் நாப்கின் வைத்திருக்க வேண்டும் என்று கல்வி அமைச்சகம் அறிவுறுத்தியது. நல்ல காரியம். பிளஸ் டூ எழுதிய அதே பெண் சில மாதங்களில் கல்லூரியில் முதல் செமஸ்டர் எழுதப் போவாள். அங்கே ஒன்றும் இருக்காது. உடம்பு அதுதான். ரத்தமும் அதுதான். மாறியது ஹால் டிக்கெட் மட்டும்.

கல்லூரிகளில் ஏதும் இல்லை என்று மொட்டையாகச் சொன்னால் கல்வி நிறுவனங்கள் கோபித்துக்கொள்ளும். நாப்கின் மெஷின் இருக்கிறதே!

அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். உங்கள் ஊர்க் கல்லூரி என்று வைத்துக்கொண்டாலும் பெரிய பிழை வந்துவிடாது. யாரோ ஒரு புண்ணியவான் நன்கொடையாகக் கொடுத்தது. அவர் பெயர் முன்பக்கத்தில் பெரிதாக இருக்கிறது. பயன்படுத்தும் முறை அதற்குக் கீழே, எறும்பு எழுத்தில். திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு, ரிப்பன், பொன்னாடை எல்லாம் உண்டு. முதல் நாணயத்தைப் போட்டவர் ஆண். முதல் நாப்கின் விழுந்தது அவர் கையில். அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அவர் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார். மேடை முழுக்கச் சுற்றிய நாப்கின் கடைசியில் ஒரு பொன்னாடைக்கு அடியில் போய் ஒளிந்தது. படம் மறுநாள் நாளிதழில் வந்தது. மெஷின் தன் வாழ்நாளில் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

அது ஐந்து ரூபாய் நாணயம் மட்டும் தின்னும். அதிலும் கனமான பழைய நாணயம் வேண்டும். புதியதைப் போட்டால் துப்பிவிடும், சில நாள் விழுங்கிவிட்டு மௌனம் சாதிக்கும். வாசலில் இளநீர் வெட்டுகிறவர் க்யூ.ஆர். அட்டை மாட்டியிருக்கிறார். உள்ளே செயற்கை நுண்ணறிவுத் துறை இயங்குகிறது. நடுவில் இந்தப் பெட்டி மட்டும் பழைய அஞ்சு ரூபாய்க்குத் தவம் கிடக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது திடுதிப்பென்று வந்துவிட்டால் ஒரு பெண் முதலில் தேட வேண்டியது நாப்கினை அல்ல, சில்லறையை.

நாணயம் கிடைத்தாலும் பெட்டிக்குள் சரக்கு இருக்க வேண்டும். சாவி அலுவலகக் கண்காணிப்பாளரிடம். அவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார், சாவியும் கூடவே போய்விடும். சரக்கு தீர்ந்தால் மறுபடி வாங்க மூன்று கொட்டேஷன் வேண்டும். கொட்டேஷன் வந்தால் எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்ற பிரச்சினை. மருந்தா? எழுதுபொருளா? துப்புரவுச் சாமானா? தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டுமே. நெடிய விவாதத்துக்குப் பிறகு ‘இதர செலவினம்’ என்று முடிவானது. மனிதகுலத்தில் பாதி, கல்லூரிக் கணக்கில் இதர செலவினம். அந்தத் தலைப்பில் இருந்த பணம் ஆண்டு விழா ஷாமியானாவுக்குப் போய்விட்டது என்பது பிறகு தெரிந்தது.

பக்கத்திலேயே எரியூட்டும் கருவி ஒன்றும் உண்டு. பயன்படுத்திய நாப்கினைச் சாம்பலாக்குவது அதன் வேலை. சுவரில் மாட்டியிருக்கிறார்கள், ஆனால் அருகில் பிளக் பாயின்ட் இல்லை. அறைக்குள் குப்பைக் கூடையும் இல்லை. கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை. குழாயில் தண்ணீர் காலை பத்து மணி வரை. மாணவிகள் வேறு வழியில்லாமல் பீங்கானில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அடைத்துக்கொள்கிறது. இவர்களுக்கு அறிவே இல்லை என்று நிர்வாகம் அறிவிப்பு ஒட்டுகிறது. கையை விட்டு அதை எடுப்பவர் ஒப்பந்தக் கூலிக்கு வரும் துப்புரவுப் பணியாளர், பெண். அவருக்கும் மாதம் ஒருமுறை வரும் என்பது எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

கடைக்குப் போய் வாங்கலாம் என்றால் கேட்டில் வாட்ச்மேன். பகலில் வெளியே போக ஹெச்.ஓ.டி. கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். சீட்டில் காரணம் எழுத வேண்டும். ‘தலைவலி’ என்று எழுதுகிறாள். நம் கல்லூரிகளில் இத்தனை பெண்களுக்கு மாதம் தவறாமல் தலைவலி வருகிறதே என்று எந்த நிர்வாகமும் கவலைப்பட்டதில்லை. மருந்துக்கடைக்காரர் நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, வாயைக் கட்டித் தருகிறார். அதே கடையில் தூக்க மாத்திரையைக் கண்ணாடிக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே உருப்படியாக நடக்கும் திட்டம் ஒன்று உண்டு. துறையில் யாராவது ஒரு பேராசிரியை, பெரும்பாலும் தொகுப்பூதியக்காரர், சொந்தக் காசில் நாலு பாக்கெட் வாங்கித் தன் பீரோவில் வைத்திருப்பார். ‘மேடம், ஒரு நிமிஷம்’ என்று வந்து நின்றாலே புரிந்துகொண்டு சாவியை எடுத்து நீட்டுவார். கொட்டேஷன் கிடையாது. பழைய அஞ்சு ரூபாய் கிடையாது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஒரு நாளும் பழுதாகாத நாப்கின் விநியோகம் அதுதான். அதற்கு ரிப்பன் வெட்ட ஒருவரும் வரவில்லை.

டெல்லிக்காரர்களை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். 2017 ஜூன் 30 நள்ளிரவு, நாடாளுமன்ற மைய மண்டபத்தில் மணி அடித்து ஜி.எஸ்.டி.யை வரவேற்றார்கள். குங்குமத்துக்கு வரி இல்லை. பொட்டுக்கு இல்லை. கண்ணாடி வளையலுக்கு இல்லை. நாப்கினுக்கு 12 சதவீதம். நெற்றியும் கையும் அத்தியாவசியம், மற்ற உறுப்புகள் ஆடம்பரம். வரியை எடுத்தால் உள்நாட்டு உற்பத்தியாளர்கள் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, இறக்குமதிச் சரக்கு வந்து குவியும், அதனால் எடுக்கவே முடியாது என்றது நிதி அமைச்சகம். முடியவே முடியாது என்றதை ஓராண்டில், 2018 ஜூலையில், எடுத்தார்கள். பெண்களுக்குப் பரிசு என்ற தோரணையில் அறிவித்தார்கள். மூலப்பொருள் மீதான வரி அப்படியே இருந்தது. பையில் கைவிட்டு எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு நன்றிக் கூட்டம் போட்ட நாடு நம்முடையது.

இதுவரை சொன்னது கஞ்சத்தனமும் சோம்பேறித்தனமும். அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

2020 பிப்ரவரி. குஜராத்தின் புஜ் நகரில் ஒரு மகளிர் கல்லூரி. அதன் விடுதியில், மாதவிலக்கான மாணவிகள் சமையலறைப் பக்கம் வரக் கூடாது, மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று விதி. விதி மீறப்படுவதாகச் சந்தேகம் வந்தது. 68 மாணவிகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் உள்ளாடையைக் கழற்றச் சொல்லிச் சோதித்தார்கள். பட்டப்படிப்பு படிக்கும் பெண்களை, கல்லூரிக்குள்ளேயே, பெண்களே. கல்லூரி முதல்வர் உள்ளிட்டோர் கைதானார்கள். அதே நாட்களில் அதே ஊர்ச் சாமியார் ஒருவரின் பழைய உபதேசமும் வெளியே வந்தது. மாதவிலக்கில் சமைக்கிறவள் அடுத்த பிறவியில் நாயாகப் பிறப்பாளாம். அதைத் தின்றவன் காளை மாடாகப் பிறப்பானாம். மறுபிறவிக்குக்கூட இட ஒதுக்கீடு தயார். இந்தப் பிறவிக்கு ஒரு நாப்கின் தயாராக இல்லை.

2025 அக்டோபர். ஹரியாணாவின் ரோத்தக்கில் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழகம். கவர்னர் வருகிறார் என்று விடுமுறை நாளிலும் துப்புரவுப் பெண்களை வேலைக்கு வரச் சொன்னார்கள். மாதவிடாய், உடம்புக்கு முடியவில்லை, அதனால் தாமதம் என்றார்கள் அந்தப் பெண்கள். மேற்பார்வையாளர்கள் ஆதாரம் கேட்டார்கள். நாப்கினைப் படம் எடுத்துக் காட்டச் சொன்னார்கள். புகாரும் வழக்கும் பிறகு வந்தன. படம் பிடிக்கச் சொன்ன அந்த நாப்கினை வாங்கிக் கொடுத்தது பல்கலைக்கழகமா என்று யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் ரத்தம் கொதிக்கிறது. பெண்ணின் மாதவிடாய் நம் கல்வி நிறுவனங்களின் கண்ணில் படுவதே இல்லை என்று நினைத்தோம். தவறு. பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். தேட ஆள் இருக்கிறது. சோதிக்க அறை இருக்கிறது. படம் பிடிக்கப் போன் இருக்கிறது. கொடுப்பதற்குத்தான் நிதி இல்லை.

வடநாட்டுச் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். நம் கதையும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் ஊருக்கே தெரியும். தெருமுனையில் ஃப்ளெக்ஸ். அதில் ராணி வேடத்தில் குழந்தை, சுற்றிலும் தாய்மாமன்கள், மேலே கட்சித் தலைவர். மைக் செட், பந்தல், பிரியாணி, ஒரு மேசையில் மொய் நோட்டு. முதல் மாதவிடாய்க்கு ரசீது போட்டு வசூல் செய்யும் சமூகம் இது. அடுத்த மாதமே கறுப்புக் கவர் வந்துவிடும். மொய்ப் பணத்தில் மாமன் பைக்குக்கு டியூ கட்டியிருப்பார். அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடத்துக்கு நாப்கின் வாங்கி வைத்தார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

கோயம்புத்தூரைப் பாருங்கள். அருணாசலம் முருகானந்தம் குறைந்த விலையில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கியது அங்கேதான். 2016-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. 2018-ல் அவர் கதையை அக்‌ஷய் குமார் இந்தியில் நடித்துக் காட்டினார். அதே கோவை மாவட்டத்தில், கிணத்துக்கடவு பக்கம், 2025 ஏப்ரலில், வயதுக்கு வந்திருந்த எட்டாம் வகுப்பு மாணவி முழு ஆண்டுத் தேர்வை வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினாள். தலித் சிறுமி. உலகத்துக்கே நாப்கின் மெஷின் கொடுத்த மண் தன் பிள்ளைக்கு ஒரு பெஞ்சு கொடுக்கவில்லை. அம்மா போனில் படம் பிடித்ததால் நமக்குத் தெரிந்தது. போன் இல்லாத அம்மாக்களின் பிள்ளைகள் எந்தப் படியில் உட்கார்ந்து எழுதினார்களோ.

2023 டிசம்பரில் மாநிலங்களவையில் மாதவிடாய் விடுப்பு பற்றிக் கேள்வி வந்தது. அன்றைய மத்திய அமைச்சர் ஸ்மிருதி இரானி, மாதவிடாய் ஓர் ஊனமல்ல, பெண் வாழ்வின் இயற்கையான பகுதி, சம்பளத்துடன் தனி விடுப்பு தேவையில்லை என்றார். ஊனமல்ல, ஒப்புக்கொள்கிறோம். குற்றமும் அல்லவே? பிறகு எதற்கு அபராதம்? கையில் நாப்கின் இல்லாமல், பின்னால் கறை பட்டிருக்கிறதா என்று தோழியிடம் கேட்டுக் கேட்டு அலுத்து, வீட்டுக்குக் கிளம்பிவிட்ட மாணவிக்கு வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட். மாதம் இரண்டு நாள் அப்படிப் போய், காய்ச்சல், கல்யாணம் என்று மற்ற விடுப்புகளும் சேர்ந்தால் செமஸ்டர் முடிவில் 75 சதவீதம் தேறாமல் போகலாம். தேறாதவர்கள் மருத்துவச் சான்றிதழோடு காண்டொனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். அவசரத்துக்கு ஒரு நாப்கின் வைத்திருக்க வக்கில்லாத நிறுவனம், அது இல்லாததால் வராமல் போனவளிடம் காசு வாங்கிக்கொண்டு ரசீது தருகிறது.

பக்கத்துக் கேரளம் 2023 ஜனவரியில் இதற்கு ஒரு வழி கண்டது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் கேட்டது. மாணவிகளுக்கு வருகையில் இரண்டு சதவீதம் தளர்வு, 75-க்குப் பதில் 73 இருந்தால் போதும் என்று பல்கலைக்கழகம் உத்தரவிட்டது. அதே மாதம் உயர்கல்வித் துறையின் கீழ் வரும் மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் அரசு அதை விரித்தது. மொத்தச் செலவு ஒரு தாள், கொஞ்சம் மை. நம் பக்கம் இதற்குக் குழு அமைத்து, குழுவுக்குப் பயணப்படி கொடுத்து, அறிக்கையைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பார்கள்.

ஸ்காட்லாந்தில் 2018-லேயே பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகக் கழிப்பறைகளில் நாப்கினை இலவசமாக வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2020 நவம்பரில், யார் கேட்டாலும் இலவசம் என்று சட்டமே நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு ஓட்டு ஒன்றுகூட விழவில்லை. 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அவர்களும் தேவர்கள் அல்லர். அந்த மாதமே ஒரு வட்டாரத்தில் மாதவிடாய் கண்ணியத்துக்கென்று தனி அதிகாரியை நியமித்தார்கள், ஆணைப் பார்த்து. உலகமே சிரித்தது. சில வாரத்தில் பதவியையே எடுத்துவிட்டார்கள். கவனியுங்கள், எடுத்தது அதிகாரியை. கழிப்பறையில் இருந்த நாப்கினை அல்ல. நாம் அதிகாரியை வைத்துக்கொண்டு நாப்கினை எடுத்திருப்போம்.

அவர்கள் பணக்கார நாடு, நமக்குக் கட்டுப்படியாகுமா? கணக்குப் போட்டுவிடலாம். மக்கள் மருந்தகத்தில் 2019 முதல் ஒரு நாப்கின் ஒரு ரூபாய். மாதம் இருபது என்றால் வருடத்துக்கு 240 ரூபாய். இரண்டாயிரம் மாணவிகள் படிக்கும் கல்லூரிக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். இது சில்லறை விலை. தேவை முழுவதையும் கல்லூரியே கொடுப்பதாக வைத்துக்கொண்ட உச்சக் கணக்கு. உண்மையில் கேட்பது அவசரத்துக்கு மட்டும். வளாகத்துக்குச் செயற்கை நீரூற்று வைக்கும்போது இப்படி விரல் விட்டு எண்ணிய துணைவேந்தர் யாராவது உண்டா?

உடனே நிர்வாகத்தின் ஆட்சேபங்கள் வரிசையில் வந்து நிற்கும்.

தமிழ்நாடு அரசின் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில்தான் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, அதில் வாங்கிக்கொள்ளட்டும் என்பார்கள். அது அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலும் படித்து வந்தவர்களுக்கு. பல வீடுகளில் அது அரிசியாகவும் பஸ் கட்டணமாகவும் ஏற்கெனவே மாறிவிட்டது. அதையும் விடுங்கள். காலை பதினொரு மணிக்கு, தேர்வு நடுவில், முன்னறிவிப்பில்லாமல் வந்து நிற்கும்போது பாஸ்புக்கை வைத்துத் தடுக்க முடியாது. அந்த நேரத்தில் கை எட்டும் தூரத்தில், கதவுக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும். பிரச்சினையே அதுதான்.

இலவசம் என்றால் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்பார்கள். போகட்டுமே. அள்ளிக்கொண்டு போய் என்ன செய்வார்கள், பஜ்ஜி போட்டா தின்பார்கள்? அம்மாவுக்குப் போகும், தங்கைக்குப் போகும், விடுதியில் பக்கத்துக் கட்டில்காரிக்குப் போகும். நாப்கினைத் திருடி மாளிகை கட்டிய பெண்ணை நாம் பார்த்ததில்லை. சத்துணவு முட்டையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறோம், அவர்களில் மாணவிகள் யாரும் இல்லை.

கடைசி ஆட்சேபம் கொஞ்சம் நியாயமான முகத்தோடு வரும். காரில் வந்து இறங்கும் பணக்கார வீட்டுப் பெண்ணுக்கும் எதற்கு இலவசம்? ஏழைகளை மட்டும் அடையாளம் கண்டு கொடுக்கலாமே? கொடுக்கலாம். விண்ணப்பப் படிவம் அடிக்கலாம். வருமானச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ.விடம் அனுப்பலாம். சான்றிதழ் வருவதற்குள் அவளுக்கு நான்கு சுழற்சி முடிந்திருக்கும். அதே கழிப்பறையில் ஒரு பல்ப் எரிகிறது. குழாயில் பத்து மணி வரை தண்ணீர் வருகிறது. அதை ஏழை மாணவிக்கு மட்டும் என்று யாரும் பூட்டி வைக்கவில்லை.

எழுதிய பிறகுதான் உறைக்கிறது. எங்கோ ஒரு பதிவாளர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் இந்த வரியை அடிக்கோடிட்டு, பல்புக்கும் தண்ணீருக்கும் தகுதி நிர்ணயிக்க மூவர் குழு அமைக்கலாமா என்று கோப்பில் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார்.